நிழலைக் கொடு, கோழி தேடிக்கொள்ளும்

அன்பு மகளுக்கு,

பத்து வெடைக்கோழியும் ஒரு சேவலும் வாங்கி விட்டிருப்பதாக எழுதியிருந்தாய். நாட்டுக்கோழியில் சிறுவிடையாகப் பார்த்து வாங்கியது நல்ல காரியம். கூண்டுக்குத் தகரம் போடலாமா, மின்விசிறி வேண்டுமா, எத்தனை வாட் பல்பு மாட்டுவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். எல்லாக் கேள்வியும் கூண்டுக்குள் ஒரே சீரான சூட்டை நிறுத்துவது பற்றித்தான். அது பெரிய பண்ணைக்காரரின் கவலை. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும்போது கோழிக்கு நகர இடமிருக்காது. காற்றையும் சூட்டையும் மனிதன்தான் அளந்து கொடுக்க வேண்டும். உன் கோழிக்குக் காலும் உண்டு, கொல்லைப்புறமும் உண்டு. வெயில் ஏறினால் நிழலுக்குப் போகும், காற்றடித்தால் சுவரோரம் ஒதுங்கும். ஒதுங்குவதற்கு அந்த நிழலும் சுவரும் இருக்கிறதா என்று நீ பார்த்துக்கொள்.

நம் தூத்துக்குடிப் பக்கத்துப் பருவத்தை நம்பி ஒரே மாதிரிக் கொட்டகை கட்ட முடியாது. மாசியில் பகலில் சுள்ளென்று காய்கிறது, விடியற்காலையில் பனி இறங்குகிறது. சித்திரையில் அனல், ஆடியில் மண்ணை வாரி இறைக்கும் காற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளுக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். தாமிரபரணிக் கரையூர்களில் ஆடு, மாடு, கோழி எல்லாம் போயின. அப்படி ஒரு வெள்ளத்துக்கு எந்தக் கூண்டும் தாங்காது. ஆனால் வருஷா வருஷம் வரும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு, கொல்லையின் மேடான மூலையில் இரண்டடிக் கல்தூண்மேல் சட்டம் அடித்த கூண்டு போதும். எச்சம் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும், கோழியின் காலும் நனையாது.

தகரம் வேண்டாம் என்பேன். பனையோலை வேய்ந்துகொள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வெயில் ஏறும்போது இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து இளைக்கும். மூச்சோடு போகும் ஈரம்தான் சூட்டை இறக்குகிறது. சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். அதனால் கொளுத்துகிறதே என்று, காற்றோட்டமில்லாத கூண்டுக்குள் நடுப்பகலில் தண்ணீர் தெளிக்காதே. கடலோரக் காற்று ஏற்கெனவே பிசுபிசுப்பு. அதோடு இதுவும் சேர்ந்தால் கோழி தாங்காது. தண்ணீரைக் கூரைக்கு மேலே ஊற்று, பக்கவாட்டைத் திறந்து வை. குடிதண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்று. கடும் வெயிலில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு குடிக்கும். தீனியை விடியும்போதும் பொழுது சாயும்போதும் போடு. செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும், அது உச்சி வெயிலோடு சேரக் கூடாது. முட்டைத்தோடு மெலிந்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று உடனே மருந்து வாங்க ஓடாதே. ஓயாமல் இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதாலும் தோடு மெலியும். கிளிஞ்சல் தூளை ஒரு சட்டியில் வைத்துவிட்டு, முதலில் நிழலைக் கூட்டு. முருங்கை சீக்கிரம் வளரும், இரண்டு போத்து நட்டு வை.

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். தாய்க்கோழி இருக்கும்போது பல்பு எதற்கு? குளிர்ந்தால் குஞ்சுகள் தாமாகவே இறக்கைக்குள் நுழையும், புழுங்கினால் தலையை வெளியே நீட்டும். புயல் நாளில் கரண்டு போனாலும் அந்தச் சூடு போகாது. தாய் இல்லாத குஞ்சுகளுக்குத்தான் பல்பு. முதல் வாரம் 35 டிகிரி என்பார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். விலகி ஓரத்தில் வாயைத் திறந்து நின்றால் சூடு. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. பல்பை ஒரு மூலையில் மட்டும் மாட்டி, எதிர் மூலையை இருட்டாக விடு. எது வேண்டுமோ அங்கே போய்க்கொள்ளும்.

குஞ்சுகளைத் தரையில் விடும் இடத்தில் நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பியிருப்பாய். மழைக்காலத்தில் தினமும் ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்திப் பார். விரலை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் அன்றைக்கே அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போடு. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் இரத்தக் கழிச்சல் கிருமி ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். குஞ்சுகள் கூனிக்குறுகி நின்று, எச்சத்தில் சிவப்புத் தெரிந்த பிறகு ஓடுவதில் பாதி பயன்தான்.

நிழலைக் கோழி தேடிக்கொள்ளும். நோய் வருவதைத் தடுக்க அதனால் முடியாது. அது முழுக்க உன் பொறுப்பு. இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரு வாரத்தில் கூண்டு காலி. வைரஸால் வருவது, வந்த பின் மருந்து இல்லை. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் பொடி வாங்கிக் கலக்கிக் கொடுப்பது காசுக்கும் கேடு, கோழிக்கும் கேடு. வருமுன் தடுப்பு மருந்துதான் வழி: ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரம் கழிந்ததும் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவசமாகத் தடுப்பூசி போடும் முகாம் நடத்துகிறது. பனியும் வெயிலும் மாறி மாறி அடித்துக் கோழி தளர்கிற காலத்துக்கு அது சரியாக வருகிறது. ஒரு வாரம் முன்னதாகவே குடற்புழு நீக்கிவிடு. ஊசி மருந்து ஐஸோடு வந்ததா என்று கேட்கத் தயங்காதே. உயிருள்ள வைரஸ் மருந்து அது, வெயிலில் கிடந்தால் பலன் போய்விடும். தூங்கி விழும் கோழிக்கு ஊசி வேண்டாம், தனியாகப் பிரித்து வை. சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் தனிக் கூண்டு. சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொன்றின் கழுத்தடி இரைப்பையையும் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொள். தடித்து நிறைந்திருக்க வேண்டும். எல்லாம் நிறைந்திருக்க ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தால், நோய் வெளியே தெரிவதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும்.

தீனிச் செலவுக்குக் கரையான் கைகொடுக்கும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வை. காலையில் திறந்து உதறினால் குஞ்சுகள் மொய்க்கும். மழைக்காலத்தில் சோளமோ கடலைப் புண்ணாக்கோ பூஞ்சை பிடித்தால் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதே. அந்த நஞ்சு வெயிலில் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

சித்திரையில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். அந்த வெயிலில் வெளியே கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து கெட்டுவிடும். அடை வைத்தே தீர வேண்டுமானால், நாலைந்து நாளுக்குள் இட்ட முட்டையாக, ஈரமணல்மேல் வைத்த மண்பானையில் சேர்த்தது மட்டும் வை. வேண்டாமென்றால் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது எதுவும் செய்யாதே. அடியில் காற்று புகும்படி சட்டத்தின்மேல் பஞ்சாரம் போட்டு, தீனியும் தண்ணீரும் கொடுத்து மூடி வை. நாலைந்து நாளில் அடை தெளிந்துவிடும், பிறகு சேவலோடு விடலாம். உங்கள் ஊரில் முகாம் எந்தக் கிழமை என்று தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா