வடக்கே மழை ஓய்ந்தால் நமக்கும் வறட்சியா?

ஆடியில் வட இந்தியாவில் பருவமழை ஓய்ந்துவிட்டது என்ற செய்தி வந்ததும், இனித் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்கும் மழை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரை மட்டும் நினைத்தால் இந்தக் கவலையில் நியாயம் உண்டு. அந்த அணையின் நீர்ப்பிடிப்பு கேரளத்து மலைகளில் இருக்கிறது. ஊரில் பெய்யும் மழையின் கணக்கோ வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மும்முரமாக இருக்கும்போது மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இங்கே வறண்ட மேல்காற்றாக இறங்குகிறது. மேகம் உயர்ந்து வளர விடுவதில்லை. பருவமழைக்கு இடைவெளி விழும்போது நிலைமை மாறுகிறது. பருவமழைக்குரிய தாழ்வழுத்தப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்கிறது, நடு இந்தியா காய்கிறது, தீபகற்பத்தின் மேல் காற்றின் வேகம் தணிகிறது, தமிழகத்தில் மாலை நேர இடிமழை கூடுகிறது.

அந்த இடைவெளி ஏன் விழுகிறது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விஞ்ஞானி சி. இராமசாமி 1962-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான ஒரு விடை தந்தது. கோடையில் திபெத்துக்கு வடக்கே ஓடவேண்டிய மேலை ஜெட் காற்று சில நாட்கள் அலையாக வளைந்து தெற்கே இறங்கி, இமயத்தை எட்டிப் பருவக்காற்றின் அமைப்பையே கலைத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். எல்லா இடைவெளிக்கும் இதுவே காரணம் அல்ல. நிலநடுக்கோட்டுக் கடலிலிருந்து வடக்கே நகரும் மழை அலைகளுக்கும் பங்கு உண்டு.

பத்து டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஊருக்கும் குளிர்நாட்டுக் காற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தக் குளிர்காற்று இங்கே வந்து வீச வேண்டியதில்லை. பல கிலோமீட்டர் உயரத்தில் அது உண்டாக்கும் தாழ்வு, கீழே அழுத்தமும் காற்றும் அமைந்திருக்கும் விதத்தை மாற்றினால் போதும். 2017-இல் ஒக்கி புயல் கன்னியாகுமரியைச் சூறையாடி, லட்சத்தீவைக் கடந்து, பிறகு வடகிழக்கே குஜராத்தை நோக்கித் திரும்பியதும் மேலைக் காற்றின் இப்படிப்பட்ட தாழ்வு ஒன்றால்தான். எல் நினோ இருக்கும்போது இதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்பது இன்னொரு மறுப்பு. எல் நினோ ஒரு பருவம் முழுவதன் போக்கைச் சாய்க்கும். எந்த வாரம் மழை, எந்த வாரம் வெயில் என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதற்காக ஒவ்வோர் இடைவெளியிலும் இங்கே மழை நிச்சயம் என்றும் எண்ணிவிடக் கூடாது. வடக்கத்திக் காற்று வாய்ப்பைத்தான் திறந்துவிடுகிறது. பகல் வெயிலும் ஈரப்பதமும் கொடைக்கானல் மலைச்சரிவும் சேர்ந்தே இடம் குறிக்கின்றன. தேவதானப்பட்டியை நனைக்கும் இடிமேகம் பக்கத்துத் தாமரைக்குளத்துக்கு ஒரு துளிகூடத் தராமல் போகலாம்.