வருமான வரிக் கணக்கு: நாமே எழுதலாமா, ஆடிட்டரிடம் கொடுக்கலாமா?

“விவசாயிக்கு வருமான வரி கிடையாது” என்று கிராமங்களில் சொல்வதுண்டு. இது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. நெல், வேர்க்கடலை, தர்பூசணி ஆகியவற்றில் கிடைக்கும் வருமானத்திற்கு வரி இல்லை. திருப்போரூர், செய்யூர் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் கன்று நட்டு, நீர் பாய்ச்சி, களையெடுத்து வளர்த்த சவுக்கும் வேளாண் வருமானமே. நாற்றங்காலில் கன்று உற்பத்தி செய்து விற்பதும் அப்படியே. ஆனால் கறவை மாடு, கோழி, இறால் பண்ணை ஆகியவற்றின் வருமானம் வேளாண் வருமானத்தில் சேராது. வங்கி வைப்புத் தொகையின் வட்டியும் சேராது. கணக்கு எழுதும் தேவை பெரும்பாலும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது. நிலத்தில் விளைந்த வருமானம் மட்டுமே உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருக்கழுக்குன்றம் பகுதியில் ஓர் உழவருக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் நிகர வருமானம். வங்கி வட்டி 60,000 ரூபாய். வயது அறுபதுக்குக் கீழ். வட்டி 50,000 ரூபாயைத் தாண்டியதால் வங்கி 10 சதவீதம், அதாவது 6,000 ரூபாயைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. இவருக்கு வரியே இல்லை. எனவே அந்த 6,000 ரூபாயும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது வரும்.

இதற்கு ஆடிட்டர் தேவையில்லை. வருமான வரித்துறையின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் கட்டணமின்றித் தாக்கல் செய்யலாம். ஆண்டுத் தகவல் அறிக்கையில் வட்டியும் பிடித்தமும் ஏற்கனவே பதிவாகியிருக்கும். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பிள்ளை இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும். கவனிக்க வேண்டியது படிவத்தைத்தான். வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிதான முதலாம் படிவம் செல்லாது. இரண்டாம் படிவத்தையே எடுக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். அடுத்த ஆண்டு பிடித்தமே வேண்டாம் என்றால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடலாம்.

இந்த 6,000 ரூபாயை “வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு” என்று ஒருவர் வந்தால் யோசிக்க வேண்டும். “பத்தாயிரமாகவே வாங்கித் தருகிறேன்” என்றால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் அடக்கம். இல்லாத நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, இல்லாத காப்பீடு ஆகியவற்றைக் காட்டிப் பணம் திரும்பப் பெற்றுத் தந்த தரகர்களே அதன் இலக்கு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் மதிப்புள்ள பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது. அத்தரகர்கள் தாக்கலுக்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். அரசின் அறிவிப்பு அந்த முகவரிக்குப் போனது, படிப்பார் இல்லை. கணக்கில் இருப்பது உழவரின் பெயர். பொய்க் கணக்குக்கு, குறைந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்ட வேண்டியவர் தரகர் அல்லர்.

அப்படியானால் ஆடிட்டர் யாருக்குத் தேவை? நிலம் விற்றவருக்குக் கட்டாயம் தேவை என்பது நம் கருத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலத்தின் விலை ஏறியபின் இது சிறு விவசாயியின் வாசலுக்கும் வந்துவிட்டது.

கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற ஆதாயத்திற்கு வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதில்தான் சிக்கல். 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட ஊராட்சியல்லாத உள்ளாட்சி எல்லைக்குள் இருந்தால் அது கிராமப்புற நிலம் ஆகாது. 2011 கணக்கெடுப்பில் மாமல்லபுரத்தின் மக்கள்தொகையே 15,000-ஐத் தாண்டியது. எல்லைக்கு வெளியேயும் 2 கி.மீ. வரை இவ்விதி பொருந்தும். மக்கள்தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டினால் 6 கி.மீ., பத்து இலட்சத்தைத் தாண்டினால் 8 கி.மீ. சென்னை மாநகராட்சி எல்லை உத்தண்டி வரை வந்துவிட்டதால், முட்டுக்காடு, கோவளம் பக்கத்து நிலங்களுக்கு இந்த 8 கி.மீ. கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். சாலை வழித் தூரம் அன்று, நேர்க்கோட்டுத் தூரம். பேருந்தில் சுற்றிப் போகும் தூரத்தை நம்பி ஏமாறக் கூடாது.

வரி உண்டு என்றாலும் வழி இருக்கிறது. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் பயிர் செய்த நிலமானால், ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. உடனே நிலம் அமையாவிட்டால், கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தை வங்கியில் இதற்கென உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்குப் போய்விடும். 2001-க்கு முன்பே பாட்டன் வழியில் வந்த நிலத்திற்கு 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன் பெற்றதென்றால் 12.5 சதவீதமா, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதமா என்று இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆடிட்டர் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இழப்பு. அதனால் கிரயம் செய்யுமுன்பே அவரைப் பார்க்க வேண்டும், பணம் செலவான பிறகு அன்று. நிலத்தை மனையாகப் பிரித்து விற்பவர் கதையே வேறு. அது வியாபாரமாகக் கருதப்படலாம்.

இறால் பண்ணை, பெரிய பால்பண்ணை வைத்திருப்பவர்களும் ஆடிட்டரிடம் கொடுப்பதே நன்று.

யாரிடம் கொடுத்தாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நம்முடையதாகவே இருக்க வேண்டும். கடவுச்சொல் நம்மிடம் இருக்கட்டும். ஓ.டி.பி.யைச் சொல்லுமுன் தாக்கல் செய்யப்போகும் கணக்கை அச்செடுத்து வாங்கிப் படிக்க வேண்டும். சிட்டா, அடங்கல், சவுக்கு விற்ற ரசீது ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். வேளாண் வருமானத்திற்குச் சான்று கேட்டால் இவையே கைகொடுக்கும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பையும் முடித்துவிட வேண்டும். முடிக்காத கணக்குத் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படாது.