விரல் வைத்துக் காட்டு

'டிலாக்கு சோரத்தின் மேல் பிமிந்துகொண்டிருந்தது.' இந்த வரிக்குப் பொருளே கிடையாது. ஆனாலும் 'டிலாக்கு எதன் மேல் பிமிந்துகொண்டிருந்தது?' என்று கேட்டால், 'சோரத்தின் மேல்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பத்திக்கு விடை எழுதுவது இப்படித்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள். கண்ணில் பட்டதும் அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். டிக் விழுகிறது. பத்தி என்ன சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கணீரென்று வாசிக்கிற பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்பது. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு கணக்காகவே சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம்.

முதல் பதில் தமிழில்

பத்தியை வாசித்து முடித்ததும் கேள்வியைத் தமிழில் கேட்பது நல்லது. பதிலும் தமிழில் வரட்டும். ஆங்கிலத்தில்தான் பதில் வேண்டும் என்றால், புரிந்த பிள்ளையும் சொல் கிடைக்காமல் வரியைப் பெயர்த்து எழுதும். புரியாத பிள்ளையும் அதே வரியைத்தான் எழுதும். இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாடு ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

தமிழில் பதில் வந்தவுடன் அடுத்த கேள்வி: "அது எங்க இருக்கு? விரல் வச்சுக் காட்டு."

தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதை இருக்கிறது. சந்தையில் மற்ற சிறுவர்கள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, ஹமீது மட்டும் ஓர் இடுக்கி வாங்குகிறான். ஏன்? "பாட்டிக்குக் கை சுடும்ல, அதான்" என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். விரல் வைக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். ஏனென்றால் அந்தப் பதில் ஒரே வரியில் இல்லை. அவனிடம் மூன்று பைசாதான் இருக்கிறது என்பது ஓரிடம். பாட்டி அமீனா ரொட்டி சுடும்போது விரலைச் சுட்டுக்கொள்வாள் என்று அவன் நினைத்துப் பார்ப்பது இன்னோரிடம். இரண்டு இடத்திலும் விரல் வைத்த பிள்ளை, வரியைப் பெயர்த்து எழுதும் பழக்கத்திலிருந்து விடுபடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு அந்தப் பதிலை ஆங்கிலத்தில் இரண்டு சிறு வாக்கியங்களாக எழுத வைக்கலாம்.

யார்? என்ன செய்தார்?

'த பாய் ஹூ புரோக் த விண்டோ ரேன் அவே.' இந்த வாக்கியத்துக்கு "ஜன்னல் ஓடிப்போச்சு" என்று பொருள் சொல்லும் பிள்ளைகள் உண்டு. இது கவனக்குறைவு இல்லை. 'ஜன்னலை உடைத்த பையன்' என்று தமிழில் விவரம் முன்னே வரும், ஆள் பின்னே வருவான். ஆங்கிலத்தில் ஆள் முன்னே வந்துவிடுகிறான். அவனைப் பற்றிய விவரம் அவனுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே நுழைந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பதையே எழுவாய் என்று எடுத்துக்கொள்வது இயல்பு.

இதற்கு ஒரு பென்சில் போதும். ஹூ, விச், தட் என்று தொடங்கும் துண்டை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்ல வேண்டும். மீதி இருப்பதில் 'யார்? என்ன செய்தார்?' என்று கேட்க வேண்டும். பையன், ஓடினான். பிறகு அடைப்புக்குறியைத் திறந்து 'எந்தப் பையன்?' என்று கேட்கலாம்.

அதே பென்சிலால் இட், தே, திஸ் போன்ற சொற்களிலிருந்து அவை குறிக்கும் பெயருக்கு அம்பு போட வைக்கலாம். சில நேரம் 'திஸ்' என்பது ஒரு பொருளைக் குறிக்காது, முந்தைய வாக்கியம் முழுவதையும் குறிக்கும். அம்பு போட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

பட், ஆல்தோ, அன்லெஸ், ஹவெவர் போன்ற இணைப்புச் சொற்களைக் கட்டம் கட்டுவது அடுத்த வேலை. 'யூ கேனாட் என்டர் அன்லெஸ் யூ ஹேவ் எ டிக்கெட்' என்பதில் நடுச்சொல்லைத் தாண்டிப் போகிற பிள்ளை, "டிக்கெட் இருந்தா உள்ள விட மாட்டாங்க" என்று சொல்கிறது. அருஞ்சொற்பொருள் பட்டியலில் இந்தச் சின்னச் சொற்களுக்கு இடம் கிடைப்பதில்லை. பத்தி திசை திரும்புவது இவற்றில்தான்.

தெரிந்த ஊர், தெரிந்த ரயில்

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நடுநிலை வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

பனிச்சறுக்கு பற்றிய பத்தியில் திணறும் முடிச்சூர்ப் பிள்ளையிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்க்கலாம். அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. இந்தப் பகுதியைப் பற்றி எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை: உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம், 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் உயிரியல் பூங்கா, டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கி ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சானடோரியம். ஆசிரியரே எட்டுப் பத்து வரியில் எளிய பத்திகளை எழுதிவிடலாம். தெரிந்த விஷயத்தில் கைப்பிடி கிடைத்த பிறகு தெரியாத உலகத்துக்குப் போகலாம். அப்போதும் பத்தி எதைப் பற்றியது என்று ஐந்து நிமிடம் தமிழில் பேசிவிட்டுப் போவது உதவும்.

ரயில் கால அட்டவணையும் வாசிப்புப் பாடம்தான். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டம் 'பெங்களூர் திட்டம்' என்று ஆங்கிலம் கற்பிக்கும் உலகில் இன்றும் பேசப்படுகிறது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், யோசித்து விடை காண வேண்டிய வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வரைபடங்களும் ரயில் அட்டவணைகளும் அவற்றில் இருந்தன. ஒரு வேலையை ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசிச் செய்து காட்டுவார். அதே மாதிரியான இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும்.

தாம்பரத்தில் இதை அப்படியே செய்யலாம். புறநகர் ரயில் அட்டவணையின் ஆங்கிலப் பிரதியைக் கொடுத்து, 'காலை ஒன்பது மணிக்குள் சேத்துப்பட்டில் இருக்க வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு நண்பன் ஏறுவான். எந்த ரயில்?' என்று கேட்கலாம். பெயர்த்து எழுத இங்கே வரி இல்லை. யோசித்தால்தான் விடை வரும்.

எளிய புத்தகம், நிறையப் பக்கம்

ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். நூறு சொல்லுக்கு இரண்டுதான் புதிதாக இருக்கலாம். பிள்ளை தானாக வாசிக்கும் புத்தகத்தில் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றில் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு எளிதான ஒன்றைக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை படக்கதையிலிருந்து தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

அளவும் முக்கியம். சீனாவில் ஒன்பதாம் வகுப்பின் முடிவில் பிள்ளைகள் 'சோங்காவ்' என்ற நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். அதன் ஆங்கிலத் தாளில் வாசித்துப் புரிதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்நாட்டின் 2011ஆம் ஆண்டு ஆங்கிலப் பாடத்தரம், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாடநூலுக்கு வெளியே 1.5 லட்சம் சொற்களுக்கு மேல் வாசித்திருக்க வேண்டும் என்று சொன்னது. மலைப்பாக இருக்கும். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 140 சொல்கூட வராது. ஒரு பத்திதான்.

அந்த ஒரு பத்திக்குக் காசு செலவில்லை. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் இரு மொழியும் ஒரே புத்தகத்தில் வரும் கதைகளை வெளியிடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு இருமொழிப் புத்தகங்கள்தான் மிகவும் பயன்படும். அம்மா தமிழ் வரிகளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். பிள்ளை அதற்கான இடத்தை ஆங்கில வரிகளில் தேடிக் காட்டலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும்.