மழலையருக்கு மண்ணின் மக்களைச் சொல்லித்தருவது எப்படி?

மெல்போர்னில் மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். எங்கள் பள்ளி இருப்பது வுருண்ட்ஜெரி பழங்குடி மக்களின் நிலத்தில். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களைப் பற்றிச் சொல்லித்தருவதில் எனக்குக் கைகொடுத்தவை இவை.

உள்ளூரிலிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசியவர்கள். ஒருவர் மரபை இன்னொருவர் மேல் ஏற்றக்கூடாது. பிள்ளைகள் பல இடங்களில் வரையும் புள்ளி ஓவியம், 1971இல் பப்புன்யா என்ற பாலைவன ஊரில் தொடங்கிய ஓவிய இயக்கத்தால் பரவியது. எங்கள் விக்டோரியா மாநிலத்தின் பழைய போர்வைகளில், போசம் என்ற விலங்கின் தோலால் ஆனவற்றில், கோடுகளையும் சாய்சதுரங்களையும்தான் பார்க்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டுகிறேன்.

பருவங்களை வெளியே போய்ப் பாருங்கள். வுருண்ட்ஜெரி மக்களும் அடங்கிய குலின் மக்களின் நாட்காட்டியில் ஏழு பருவங்கள். மார்ச்சில் விலாங்கு மீன் கொழுத்திருக்கும். ஆகஸ்டில் ஆர்க்கிட் பூக்கும். செப்டம்பர், அக்டோபர் தலைப்பிரட்டைக் காலம். வாராவாரம் ஒரே மரத்தடிக்குப் போகிறோம். என்ன மாறியது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

உண்மையை மறைக்காதீர்கள். மர்னாங் என்ற மஞ்சள் பூச்செடியை வளர்க்கிறோம். அதன் கிழங்கு இந்த மக்களின் முக்கிய உணவாக இருந்தது. 1830களில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆடுகள் மேய்ந்து அது அருகிப்போனது. “ஆட்டை ஏன் இங்கே விட்டாங்க?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “இந்த மக்களைக் கேட்காமலே நிலத்தை எடுத்துக்கிட்டாங்க. அது தப்பு” என்பேன். நாலு வயதுக்கு அவ்வளவு போதும். அது நன்றாகவே புரிகிறது.

அவர்கள் குரலிலேயே கேட்கவிடுங்கள். ஒரு நிலத்துக்கு உங்களை வரவேற்கும் உரிமை அதன் மூத்தோருக்கே உண்டு. நம்மைப் போன்றவர்கள் நிலத்துக்குரியவர்களுக்கு மரியாதை செலுத்தலாம். தினமும் காலையில் பிள்ளைகளோடு அதைச் செய்கிறோம். மூத்தோரை அழைத்தால் அவர்கள் நேரத்துக்கு உரிய பணம் கொடுங்கள். அவர்கள் பொதுவில் பகிர்ந்த கதைகளை மட்டும் சொல்லுங்கள். வுருண்ட்ஜெரி மூத்தவர் ஜாய் மர்ஃபி எழுதிய ‘வெல்கம் டு கன்ட்ரி’ படப்புத்தகம் நல்ல தொடக்கம். “இருந்தார்கள்” என்று சொல்லாதீர்கள். “இருக்கிறார்கள்” என்றே சொல்லுங்கள்.

பழங்குடி மக்களைக் கொண்டாட ஜூலையில் வரும் நைடாக் வாரத்தோடு இதை முடித்துவிட வேண்டாம். ஆசிரியரானாலும் பெற்றோரானாலும், நீங்கள் வாழும் இடம் யாருடைய நிலம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போங்கள்.