கால்பந்தாட்டத்தில் இரவல் முறை

அன்னவாசலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கண்மாய் நிரம்பிய ஆண்டுகளில் நெற்பயிர் இடும் வழக்கத்தை நம்மிற் பலர் சிறு பருவமுதலே கண்டு வந்திருக்கின்றோம். ஓர் ஏக்கர் நிலத்துக்கு வேண்டிய நாற்றை ஏறக்குறைய 8 சென்ட் நாற்றங்காலில் வளர்த்து, உரிய நாளிற் பறித்து, வயலிற் கொண்டுபோய் நடுவர். உரிய நாள் யாதெனின், பயிரின் வயது மாதமொன்றுக்கு நாற்றின் வயது வாரமொன்று எனக் கணக்கிடுவது பழைய விதி. மூன்று மாதப் பயிராயின் மூன்று வார நாற்று. நான்கு மாதப் பயிராயின் நான்கு வார நாற்று. அந்நாள் கடந்தும் நாற்றங்காலிலேயே நின்ற நாற்று பார்வைக்கு வளமாகத் தோன்றினும், நட்டபின் நன்றாகத் தூர் கட்டாது. உழவர் யாவரும் அறிந்த இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, விளையாட்டுத் துறையில் நிகழும் ஒரு வழக்கத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம். நம் கல்லூரியிற் பயின்ற அன்னவாசல் இளைஞர் ஒருவர், கால்பந்தாட்டத்தில் வல்லவர், பெரிய கழகம் ஒன்றின் இளைஞர் அணியிற் சேர்த்துக் கொள்ளப்பெற்றார். ஊரார் பெருமகிழ்ச்சி எய்தினர். ஓராண்டு கழிவதற்குள் அக்கழகத்தார் அவரை வேற்றூரிலுள்ள கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றில் ஒரு பருவம் ஆடி வருமாறு அனுப்ப முடிவு செய்தனர். செய்தி ஊருக்கு எட்டியதும் கடைவீதியில் ஒருவர் இளைஞரின் தந்தையாரை நிறுத்தி, "என்ன அண்ணே, தம்பியைக் கழித்துவிட்டார்களாமே?" என்று கேட்டார். தந்தையார் மறுமொழி கூறாது வீடு திரும்பினார். சில நாள் கழித்து அவ்விளைஞர் நம்மிடம் வந்து, ஆட்டத்தையே விட்டுவிடலாமோ என வினவினார். அன்று அவருக்குச் சுருக்கமாகக் கூறிய விடையை, அவர் நிலையில் நாளை நிற்கக்கூடிய ஏனைய மாணாக்கர்க்கும் பயன்படுமாறு விரித்து எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். பத்திரிகைகள் இம்முறையைக் கடன் என்று எழுதுகின்றன. ஆயினும் நம் மொழியில் கடன் வேறு, இரவல் வேறு. கடனாக வாங்கிய நெல்லுக்கு ஈடாக வேறு நெல்லை அளந்து கொடுக்கலாம். இரவலாக வாங்கிய நகையையோ பாத்திரத்தையோ அதனையே திருப்பித் தருதல் வேண்டும். ஆட்டக்காரருக்கு ஈடாக வேறோர் ஆட்டக்காரரைத் திருப்பித் தருவாரில்லை. ஆகலின் இரவல் என்பதே பொருந்திய சொல்லாகும். இம்முறையில், ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அவரை உடைய தாய்க்கழகத்தோடேயே நிற்கும். குறித்த காலம் மட்டும் அவர் மற்றொரு கழகத்திற் பதிவு செய்யப்பெற்று அதன் சட்டையணிந்து ஆடுவார். அக்காலத்துச் சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்பதை இரு கழகத்தாரும் உடன்படிக்கையில் வரையறுப்பர். காலம் முடிந்ததும் அவர் தாய்க்கழகத்துக்கு மீள்வார். கழித்துவிட எண்ணுபவர் ஒப்பந்தத்தை முடித்து அனுப்புவர். மீண்டும் வேண்டும் என்று எண்ணுபவரே பெரும்பாலும் இரவல் கொடுப்பர். கடைவீதியிற் கேட்ட வினாவுக்கு இதுவே முதல் விடை.

இனி, இம்முறை ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையுள்ள வயது ஆட்டக்காரரின் வாழ்வில் இடர்மிக்க பகுதியாகும். சிறுவர் போட்டிகளுக்கு வயது கடந்துவிடும். பெரியோர் அணியிலோ அயல்நாட்டு ஆட்டக்காரரும் அனுபவம் மிக்கோரும் இடத்தை நிரப்பியிருப்பர். இளைஞர் நாள்தோறும் நன்றாகப் பயிற்சி செய்வார். வாரந்தோறும் பெஞ்சில் அமர்ந்திருப்பார். பயிற்சியிற் செய்த பிழைக்கு விலையில்லை. பந்தயத்திற் செய்த பிழைக்குத் தோல்வி விலையாகும். அவ்விலை கொடுத்துக் கற்றதே நிலைத்து நிற்கும். கிறிஸ்துநாதர் கூறிய தாலந்து உவமையில், எசமானன் கொடுத்ததை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியன் அதனைத் தொலைக்கவில்லை. ஆயினும் கடிந்து கொள்ளப்பட்டான். பெரிய கழகத்தின் பெஞ்சில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பதும் புதைத்து வைத்தலே அன்றோ?

இம்முறை நெடுங்காலம் வேரூன்றிய இங்கிலாந்திலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுவோம். டேவிட் பெக்காம் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் வளர்ந்தவர். 1995ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், கீழ்ப்பிரிவிலிருந்த பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்துக்கு இரவலாக அனுப்பப்பெற்றார். தம்மைக் கழகத்தார் விலக்க எண்ணுகின்றனரோ என்று அவரும் கலங்கினார். பிரெஸ்டனில் அவர் ஆடியவை 5 ஆட்டங்களே. அடித்தவை 2 கோல்கள். அவற்றுள் ஒன்று மூலை உதையிலிருந்து பந்து நேரே வலைக்குட் சென்றது. மீண்டு வந்தபின் அவர் எய்திய புகழை உலகம் அறியும்.

ஹாரி கேன் என்பாரின் வரலாறு இன்னும் படிப்பினை உடையது. டாட்டன்ஹாம் கழகத்தார் அவரைப் பதினேழு வயதில், 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மூன்றாம் பிரிவிலிருந்த லேட்டன் ஓரியன்ட் கழகத்துக்கு அனுப்பினர். பின்னர் மில்வால், நார்விச், லெஸ்டர் ஆகிய கழகங்களுக்கும் 2013 வரை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினர். மில்வாலில் அவர் சிறப்புற்றார், நார்விச்சிற் காயமுற்றார், லெஸ்டரிற் பல நாள் பெஞ்சில் அமர்ந்தார். நான்கு இரவல்களும் ஒருங்கே வெற்றியாகவில்லை என்பது கருதத்தக்கது. அவரே 2023 பிப்ரவரியில் டாட்டன்ஹாம் கழகத்துக்காக மிகுதியான கோல் அடித்தவர் என்னும் பெருமையையும், அடுத்த மாதத்தில் இங்கிலாந்து நாட்டு அணிக்கு அதே பெருமையையும் பெற்றார். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் சிறு கழகங்கள் வருவாயிழந்து வாடியபோது, லேட்டன் ஓரியன்ட் அணியின் சட்டை விளம்பர உரிமையைத் தம் பொருளால் வாங்கி, அவ்விடத்தில் அறநிலையங்களின் பெயரும் தொண்டாற்றியோர்க்கு நன்றியும் பொறிக்கச் செய்தார். இரவலாகச் சென்ற இடத்தை அவர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் நாட்டுக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அது மூன்று மாத அளவினதாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடைபெற்றது; ஐ-லீக் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் நடைபெற்றது. ஆதலின் ஒரே ஆட்டக்காரர் ஓராண்டில் இரு கழகங்களில் ஆடுதல் இயன்றது. மிசோரம் மாநிலத்து ஜேஜே லால்பெக்லுவா, 2014-15 பருவத்தில் மோகன் பாகான் ஐ-லீக் பட்டம் வென்றபோது அவ்வணியிலும், 2015 டிசம்பரில் சென்னையின் எஃப்.சி. பட்டம் வென்றபோது அவ்வணியிலும் ஆடினார். 2017-18 பருவம் முதல் இரண்டு லீக்குகளும் ஒரே காலத்தில் நடைபெறலாயின. முன்பு இரு வயல்களில் நின்ற பயிர் இப்பொழுது ஒரு வயலைத் தெரிந்து கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய கழகத்தைத் தெரிந்துகொண்ட இளைஞர்க்கு ஆட்டமின்றிப் பருவம் கழியும் அச்சம் அப்பொழுதே பெருகியது.

அக்குறையை ஒருவாறு தீர்த்தது இந்தியன் ஏரோஸ் என்னும் இளைஞர் அணியாகும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தார் 2010இல் இதனை அமைத்து 2013இற் கலைத்தனர். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2017இல் இந்தியாவில் நடந்தபின் மீண்டும் அமைத்து, 2022 வரை நடத்தினர். பெரிய கழகங்கள் தம் இளைஞரை இவ்வணிக்கு இரவலாக அளித்தன. சென்னையின் எஃப்.சி. கழகத்து ரஹீம் அலி 2018-19 பருவத்தில் இவ்வணியில் ஆடித் திரும்பினார். 2021இல் நாட்டுப் பேரணியிலும் இடம் பெற்றார்.

தமிழ்நாட்டு மாணாக்கர் மறவாதிருக்க வேண்டிய பெயர் நந்தகுமார் சேகர். சென்னையிற் பிறந்த இவர் சென்னை சிட்டி கழகத்தில் ஆடி, 2017இல் தில்லி டைனமோஸ் கழகத்துக்குச் சென்றார். 2018-19 பருவத்தில் அக்கழகம் இவரைச் சென்னை சிட்டிக்கே இரவலாக அளித்தது. மேல் லீக்கிலிருந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல் எவர்க்கும் மனம் நோகக்கூடியதே. ஆயின் அப்பருவத்தில், கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்கால் கழகத்தை ஒரே புள்ளியால் முந்தி ஐ-லீக் பட்டம் வென்றது. நந்தகுமார் பின்னர் ஒடிசா எஃப்.சி. அணியில் ஆடி 2023இல் சூப்பர் கோப்பை வென்றார். அவ்வாண்டிலேயே நாட்டுப் பேரணியின் சட்டையும் அணிந்தார். 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் டூரண்டு கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பாகானுக்கெதிரே வெற்றிக் கோல் அடித்தவரும் இவரே. சென்னை சிட்டியோ 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக்கினின்று மறைந்தது. நாற்று இருந்தும் நடுதற்கு வயல் குறைவது நம் மாநிலத்துக்கு நேர்ந்த இழப்பேயாம்.

இதுகாறும் நன்மையையே கூறினோம். தீமையையும் கூறாது விடுதல் முறையன்று. செல்வம் மிக்க கழகங்கள் இளைஞரைத் திரளாகச் சேர்த்து, ஆடவைக்கும் எண்ணமின்றி ஆண்டுதோறும் ஊர் ஊராக இரவல் விட்டு, விலை வந்தால் விற்பதும் உண்டு. இலண்டன் நகரத்துச் செல்சீ கழகம் சில பருவங்களில் முப்பதுக்கு மேற்பட்டோரை ஒருங்கே இரவல் விட்டிருந்தது. இந்நிலையைத் திருத்தக் கருதி ஃபிபா என்னும் உலகச் சம்மேளனம் 2022 ஜூலை முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. பன்னாட்டு இரவல் எழுத்து உடன்படிக்கையோடு இருத்தல் வேண்டும், ஓராண்டுக்கு மேற்படலாகாது, இரவல் பெற்றவர் மூன்றாமவருக்கு மறு இரவல் விடலாகாது, ஒரு கழகம் இரவல் விடக்கூடியோர் தொகை முதற்பருவத்தில் 8, அடுத்து 7, 2024 ஜூலை முதல் 6 எனக் குறைக்கப்பட்டது. உள்நாட்டு இரவலுக்கும் இவற்றோடு இயைந்த விதிகளை மூன்றாண்டுகளுக்குள் வகுக்குமாறு நாட்டுச் சங்கங்களுக்குப் பணிக்கப்பட்டது. ஆயின் ஒன்றை உற்று நோக்குக: இத்தொகை வரம்பு 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளாரையும், கழகத்தாலேயே பயிற்றப் பெற்றாரையும் கட்டுப்படுத்தாது. அஃதாவது, எவர்க்குக் காவல் மிகுதியும் வேண்டுமோ அவ்விளைஞரை எத்துணைப் பேராயினும் இரவல் விடலாம். ஆகவே அவர்களுக்கு விதியினும் பெரிய காவல், இரு கழகத்தாரின் மனச்சான்றும் இளைஞரின் விழிப்புமே ஆகும்.

வாங்கும் கழகத்துக்கும் ஓர் இடர் உண்டு. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை நம் மூதாட்டியர் கூறக் கேட்டிருக்கின்றோம். இரவலாக வந்தவரையே நம்பித் தன் ஊர்ச் சிறுவரைப் பயிற்றாத சிறு கழகம், பருவ முடிவில் அவர் போனபின் வெறுங்களத்தில் நிற்கும். வந்தவரிடம் தன் சிறுவர் கற்றுக்கொள்ளுமாறு செய்வதே அறிவுடைமை.

ஆதலின், இரவலாகச் செல்லுமுன் இளைஞர் கேட்டறிய வேண்டிய வினாக்கள் சில உள. செல்லும் அணியில் நாம் ஆடும் இடத்துக்கு உண்மையில் ஆள் தேவைப்படுகின்றதா? அப்பயிற்சியாளர் நம்மை விரும்பிக் கேட்டாரா, அன்றி நாம் அவர்மேல் சுமத்தப்படுகின்றோமா? காலமும் சம்பளமும் எழுத்தில் உள்ளனவா? காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது? தாய்க்கழகத்தார் ஒருவர் அவ்வப்போது வந்து ஆட்டத்தைப் பார்ப்பாரா? படிப்பும் தேர்வும் இடைமுறியாது நடைபெறுமா? இவற்றுக்கு நேரிய விடை கிடைப்பின் தயங்காது செல்க. கிடையாதாயின், பணிவோடு மீண்டும் கேட்க, கேட்பது குற்றமன்று.

நாற்றைப் பறிப்பவன் வேரை அறுப்பதில்லை. வேரொடு பறித்து, கட்டி, வாடுமுன் நடுகின்றான். நட்ட முதல் வாரத்தில் பயிர் வெளிறி நிற்கும். அதனைக் கண்டு வழிப்போக்கர் வருந்தலாம், உழவர் வருந்தார். ஊராரும் பெற்றோரும் அவ்வுழவரைப் போன்றிருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் அன்னவாசல் இளைஞர் மேற்கூறிய வினாக்களைக் கேட்டுவிட்டுச் சென்றார். அவரை வழியனுப்பத் தந்தையாரும் பேருந்து நிலையம் வரை வந்திருந்தார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் ஆட்டத்தில் அவ்வணி தோற்றதாம். தோல்விக்குக் காரணமான பிழைகளுள் ஒன்று தம்முடையதாம். ஆயினும் 90 நிமிடமும் ஆடினாராம். அடுத்த வாரமும் பயிற்சியாளர் அவர் பெயரையே முதலில் எழுதினாராம். அக்கடிதத்தைத் தந்தையார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்றதாக அறிகின்றோம்.