வெள்ளைக்கழிச்சலும் கீழாநெல்லி உருண்டையும்

கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்து உருட்டி மாதம் ஒருமுறை கொடுத்துவந்தால் வெள்ளைக்கழிச்சல் அண்டாது, தடுப்பூசியே வேண்டாம் என்னும் கூற்றைப் போல நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு இழப்பை உண்டாக்கிய கூற்று வேறில்லை. இராணிக்கெட் நோய் என்றும் அழைக்கப்படும் வெள்ளைக்கழிச்சல், 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அறியப்பட்ட ஒரு வைரஸால் வருவது. அதன் வீரியமிக்க வகை, எதிர்ப்பாற்றல் இல்லாத கோழிகளிடையே புகுந்தால் பத்தில் ஒன்பதைக்கூடக் கொன்றுவிடும்.

ஒரு வைரஸ் நோயைத் தடுக்க, அந்த வைரஸையே இனங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் முன்பே இருக்க வேண்டும். வைரஸின் புரதத்தைக் கோழியின் உடல் ஒருமுறையேனும் எதிர்கொண்டாலன்றி அவை உருவாவதில்லை. கீழாநெல்லியில் அப்புரதம் இல்லை, மிளகிலும் இல்லை. எத்தனை உருண்டை கொடுத்தாலும் இந்த உண்மை மாறப்போவதில்லை. சில மூலிகைச் சாறுகள் ஆய்வகத்தில் வைரஸின் பெருக்கத்தைக் குறைத்ததைச் சான்றாகக் காட்டுவோர், அங்கே சாறும் வைரஸும் நேரடியாகக் கலக்கப்படுகின்றன என்பதையும், இரைப்பையையும் குடலையும் கடந்து செல்லும் உருண்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதையும் எண்ணிப்பார்ப்பதில்லை. உருண்டை கொடுத்த ஆண்டில் நோய் வரவில்லை என்றால், அவ்வாண்டு வைரஸ் அவ்வூருக்குள் வரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். உருண்டை உண்ணாத பக்கத்து வீட்டுக் கோழியும் அதே ஆண்டில் பிழைத்திருந்ததை ஏன் யாரும் கணக்கில் கொள்வதில்லை?

நாட்டுக்கோழிக்கு இந்நோய் வராது என்பதும் பொய். நோய் கண்டபின் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை அழிக்குமேயன்றி வைரஸை அழிக்காது.

முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஓர் ஊசி என்னும் எளிய முறை இருந்தும் அது சிற்றூரை எட்டாததற்குக் காரணம், மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டியிருப்பதும், நூறு கோழிகளுக்கான குப்பியைப் பத்துக் கோழி வைத்திருப்பவர் வாங்கத் தயங்குவதுமே. வெப்பத்தைத் தாங்கும் குருணை வடிவ வாய்வழித் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கும் நிலையில், அதனை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை. அதுவரை, கோடை தொடங்குமுன் ஒரு தெருவின் பத்து வீட்டாரும் செலவைப் பகிர்ந்து ஒரே குப்பியை வாங்கி, விடியற்காலையில் பஞ்சாரத்தைத் திறப்பதற்கு முன் எல்லாக் கோழிகளுக்கும் ஊசி போட்டுவிட வேண்டும். கரைத்த மருந்து சில மணி நேரத்துக்கு மேல் வீரியத்தோடு இராது.