கூட்டத்தில் படபடப்பு வந்தால்: தம்பதிகளுக்குச் சில குறிப்புகள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, தி. நகர் ரங்கநாதன் தெரு. முன்னால் நகர இடமில்லை, பின்னால் திரும்ப வழியில்லை. திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, காற்றே போதவில்லை, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவோமோ என்று தோன்றுகிறது. இந்த ‘பேனிக் அட்டாக்’ எனக்கும் வருவதுண்டு. பக்கத்தில் நிற்கும் கணவரோ மனைவியோ என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதல் தடவை வந்தால், ‘இது வெறும் படபடப்புதான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ முதுகுவலியாகவோ வருவதும் உண்டு. ஆண்களோ எது வந்தாலும் ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு சோடாவோடு முடித்துக்கொள்வார்கள். ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்த்து, இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கீழே உள்ளவை.

2. உடம்புக்குள் நடப்பதை இருவரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து எதுவும் இல்லாதபோதே அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியில் ஊசி குத்துவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் வரும். ஆனால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும் என்பதால் விழுவது அபூர்வம்.

3. உங்களுக்குள் ஒரு சங்கேத வாக்கியம் இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் நாலு உறவினர் நடுவே நின்று, “எனக்கு மூச்சு முட்டுது” என்று சொல்ல முடியாது. “வண்டி சாவி உங்ககிட்டயா இருக்கு?” என்று கேட்கலாம். கேட்டதும் அவர் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வர வேண்டும். சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவக் கூடாது!

4. எதைச் சொல்வது என்பதில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. “ஒண்ணுமில்ல, மனசை தைரியமா வெச்சுக்கோ” என்பது அன்பாகச் சொல்வதுதான். ஆனால் உயிர் போகிற மாதிரி இருப்பவருக்கு, ‘இவருக்குப் புரியவே இல்லை’ என்றுதான் அது கேட்கும். “எல்லாரும் பாக்கறாங்க” என்பது அதைவிட மோசம். “தெரியுதும்மா. வந்த மாதிரியே போயிடும். நான் இங்கதான் இருக்கேன்.” இவ்வளவு போதும். மெதுவாக, தாழ்ந்த குரலில், தேவைப்பட்டால் இதையே மறுபடியும் சொல்லுங்கள். தண்ணி வேணுமா, ஜூஸ் வேணுமா, உட்கார்றியா, ஆட்டோ கூப்பிடவா என்று அடுக்காதீர்கள். தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கையைப் பிடிப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த நேரத்தில் யார் தொட்டாலும் ஆகாது.

5. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது வழக்கமான கணக்கு. “நல்லா மூச்சு விடு, மூச்சு விடு” என்று அதட்டினால் இன்னும் வேகமாகத்தான் வரும். துணைவர் பக்கத்தில் நின்று, காதில் விழும்படி தானே அப்படி மூச்சு விட்டால் மற்றவரின் மூச்சும் கொஞ்சங்கொஞ்சமாக அதோடு சேர்ந்துகொள்ளும். சினிமாவில் வருகிற மாதிரி காகிதப் பையை முகத்தில் வைக்க வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

6. நம் ஊரில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். ஒருவர் சோடா உடைப்பார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார், ஒருவர் வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். (வலிப்புக்கும் அந்தச் சாவியால் பிரயோஜனம் கிடையாது.) எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். அவர்களைக் கோபித்துக்கொள்ளாமல், “அடிக்கடி வர்றதுதாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும், ரொம்ப நன்றி” என்று சொல்லி விலக்குவது துணைவரின் வேலை.

7. உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். இதைக் கேட்டால் கல்நெஞ்சம் என்று தோன்றும். ஆனால் அலறி அடித்து வெளியேறினால், ‘ஓடியதால் பிழைத்தோம்’ என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை தெருமுனையிலேயே படபடக்கும். அதற்கடுத்த முறை வீட்டு வாசலிலேயே. முடிந்தால் அதே இடத்தில், கடையின் படிக்கட்டு ஓரமாக நின்று, அலை இறங்கும்வரை காத்திருங்கள். நிற்கவே முடியாமல் வெளியே வந்துவிட்டால், தணிந்ததும் ஐந்து நிமிடமாவது திரும்ப உள்ளே போய், ஒரு கர்சீப்பாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

8. மின்சார ரயிலில் வந்தால் சங்கிலியைத் தேடாதீர்கள். புறநகர் வண்டியில் அடுத்த ஸ்டேஷன் சில நிமிடத்தில் வந்துவிடும். இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து, தணிந்தபின் அடுத்த வண்டியில் ஏறி, போக வேண்டிய இடத்துக்கே போங்கள். காரோ பைக்கோ ஓட்டுகிறவருக்கே வந்தால் இடதுபுறம் ஒதுக்கி நிறுத்திவிட வேண்டும்.

9. திருப்பதி வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் கதவு பூட்டிய ஹாலில் காத்திருப்பதை நினைத்தே பலருக்கு வயிறு கலங்கும். விசேஷ நாளையும் வார இறுதியையும் தவிர்த்து, கூட்டம் குறைந்த நாளாகப் பாருங்கள். உள்ளே கழிப்பறை எந்தப் பக்கம், ஊழியர் எங்கே நிற்கிறார் என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

10. வெறும் வயிறு, ராத்திரித் தூக்கமின்மை, ரெண்டாம் டோஸ் ஃபில்டர் காபி. பர்ச்சேஸ் நாளில் இந்த மூன்றும் சேர வேண்டாம்.

11. அடங்கிய பிறகு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், வெட்கமும் இருக்கும். அன்று இரவே அலச வேண்டாம். மாமியாரிடமோ அக்காவிடமோ சொல்லலாமா என்பதை அனுபவித்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். போன் போட்டு, “இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று துணைவர் ஆரம்பித்துவிட்டால், மறுநாளே வேப்பிலை மந்திரிப்பு, எலுமிச்சை, திருஷ்டிப் பூசணி எல்லாம் வரிசை கட்டும்.

12. நல்ல கணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “நீ தனியா போகாத, நான் வரேன்” என்று எல்லாவற்றுக்கும் கூடவே போவது. முதலில் சுகமாக இருக்கும். போகப்போக அவர் இல்லாமல் முனைக்கடைக்குக்கூடப் போக முடியாத நிலை வரும். படிப்படியாக விலகுங்கள். முதல் வாரம் ரங்கநாதன் தெருவுக்குள் கூடவே வாருங்கள். அடுத்து, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் மனைவி தனியே நடந்து வரட்டும், நீங்கள் மறுமுனையில் நில்லுங்கள். பிறகு பனகல் பார்க்கில் உட்கார்ந்திருங்கள். கடைசியாக வீட்டிலேயே இருங்கள், போன் மட்டும் கையில் இருக்கட்டும். ஒரு படியில் தடுமாறினால் அந்தப் படியையே இன்னும் சில நாள் பழகுங்கள்.

13. பக்கத்து வீட்டுக்காரர் போடும் அல்பிரசோலத்தை வாங்கிப் போடாதீர்கள். சட்டென்று அடக்கும், அதே வேகத்தில் பழக்கமாகவும் ஆகிவிடும். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘சிபிடி’ என்ற பேச்சு சிகிச்சை நல்ல பலன் தரும். மாத்திரை தேவைப்பட்டால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பதைத் துணைவர் போனில் குறித்து வைத்தால் டாக்டருக்கு உதவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மனஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கூடவே இருந்து களைத்துப்போன கணவரும் மனைவியும் தங்களுக்காகவும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.